கண்ணூறு பட்ட காற்றாடி

அந்த வருடம் கற்பிட்டிக் களப்புக் கடலில் கட்டிக் கிடந்த போட்டுகள் எல்லாம் வைத்தியம் பார்க்கக் கிளம்பின. போட்டுக்காரனுக்குச் சீனி வருத்தம், பெண்சாதிக்கு முழங்கால் வருத்தம். அதையெல்லாம் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீருக்குள் சுழன்று போட்டைத் தள்ளுகிற காற்றாடிக்குக் கண்ணூறு கழிக்க வேண்டும்!

கழிக்கிறவர் ஆற்றுவாய்ப் பாவா. வண்ணாத்திவில்லுப் பக்கம், கலா ஓயா ஆறு கடலுக்கு வந்து சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கரையோரம் தகரக் கொட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். பச்சைத் தலைப்பாகை, மருதாணித் தாடி, பத்து விரலிலும் மோதிரம். கொட்டிலுக்கு முன்னால் கடலை வண்டி, ஐஸ்கிறீம் வேன், கைப்பேசியில் நேரலை ஓட்டுகிற இளசுகள். ஆற்றில் முப்பது நாற்பது போட்டு வரிசை. ஒரு வருடத்துக்கு முன்பு அந்த இடத்தில் கொக்கு மட்டும்தான் நின்றது.

கடலுக்கு ஒரு குணம் உண்டு. தன்னில் கிடக்கிற எதையும் அது சும்மா விடாது. எஞ்சின் காற்றாடியில் முதலில் வழுவழுவென்று பாசி பிடிக்கும். பாசியின் மேல் சிப்பி வந்து ஒட்டும். சிப்பியின் மேல் சிப்பியின் பிள்ளைகள். பிறகு எஞ்சின் கத்தும், டீசலைக் குடிக்கும், போட்டு மட்டும் நகராது. இதற்குப் பழைய மருந்து ஒன்றுதான்: போட்டைக் கரைக்கு இழுத்து, குனிந்து நின்று சுரண்டி, சிப்பி பிடிக்காத பெயின்ட் அடிப்பது. முதுகு ஒடிகிற வேலை. பாவாவின் மருந்தில் முதுகு ஒடியாது. அதைவிட வேறு அற்புதம் எதற்கு?

"சிப்பி எண்டு நீங்க சொல்லுறது சிப்பியில்ல" என்பார் பாவா, கண்ணை மூடிக்கொண்டு. "அது மத்தவன்ட கண்ணு. எத்தின கண்ணு பட்டிச்சோ, அத்தின சிப்பி."

கேட்ட சனம் விறைத்துப் போய்விடும். வீட்டுக்குப் போய், போட்டுக்குக் கீழே முக்குளித்து, சிப்பியை எண்ணி, யார் யாருடைய கண் என்று பெயர் வைக்கும். பள்ளிவாசல்துறை அலியார் இப்படித்தான் தன் மச்சானோடு பேச்சை நிறுத்தினான். ஒரு பெரிய சிப்பி அப்படியே மச்சானின் கண்ணைப் போலவே இருந்ததாம்.

போட்டு இரண்டு ஜும்ஆ கொட்டிலடியில் கட்டிக் கிடக்க வேண்டும். வெள்ளிக்கு வெள்ளி பாவா ஓதுவார், ஊதுவார், சாம்பிராணி காட்டுவார். முடிவில் சீடப்பிள்ளைகள் இரண்டு பேர் தேங்காய் மட்டையோடு தண்ணீரில் இறங்கிக் காற்றாடியைத் தடவுவார்கள். சிப்பி பொலபொலவென்று உதிரும். சனம் கண்ணீர் விடும். கத்தோலிக்கர் வந்தால் இரண்டு ஜும்ஆ இரண்டு ஞாயிறாகிவிடும். சிங்கள முதலாளிமார் வந்தால் இரண்டு போயா, அதாவது இரண்டு பௌர்ணமி. பாவம், அவர்கள்தான் அதிக நாள் காத்துக் கிடந்தார்கள்.

உதிர்ந்த பிறகு எஞ்சின் அறைக்குள் எழுத்துப் பொறித்த ஒரு செப்புத் தகடு கட்டப்படும். அதற்குப் பத்தியம் உண்டு. தகடு கட்டின போட்டில் இரும்பு படக்கூடாது, சுரண்டக்கூடாது, பெயின்ட் அடிக்கக்கூடாது. மீறினால் தகடு கோபித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு மாதத்தில் சிப்பி திரும்பி வந்துவிடும். கேட்டால், "நிய்யத் சரியில்ல, மனசுல எண்ணம் சுத்தமில்ல" என்பார் பாவா. நிய்யத்தைச் சரிபண்ண, பிடித்ததிலேயே பெரிய அறுக்குளா மீனைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போக வேண்டும். குணமாகவே மாட்டாது என்று பாவா கைவிட்ட பித்தளைக் காற்றாடிகள் கொட்டிலுக்குப் பின்னால் குவிந்தன. அந்தக் குவியல் வாரத்துக்கு ஒருமுறை லொறியேறி எங்கே போகிறது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பள்ளிவாசல் மௌலவி ஒரு வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கத்தில், இது மார்க்கத்தில் இல்லாத வேலை என்று பச்சையாகச் சொன்னார். "மௌலவிக்கிட்ட போட்டு இரிக்கா? அவருக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சனம் பள்ளியிலிருந்து நேரே ஆற்றுக்குப் போனது.

இந்தச் சனத்துக்கெல்லாம் வழிகாட்டி மஸாஹிர். போட்டுக்காரர் சங்கத் தலைவர். பாவாவை முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்பதில் அவருக்குக் கொலம்பஸை விடப் பெருமை. கொட்டில் வாசலில் தொங்கிய பனரில் பாவா ஒரு பக்கம், மஸாஹிர் ஒரு பக்கம், நடுவில் ஒரு காற்றாடி. மாப்பிள்ளை பெண் படம் மாதிரி இருக்கும். தன் போட்டில் தகடு கட்டின நாளிலிருந்து ஆறு மாதமாக அவர் அதைச் சுரண்ட விடவில்லை. நிய்யத்தை மட்டும் இரண்டு தடவை சரிபண்ணினார்.

அந்தப் போட்டை ஓட்டுகிறவன் றிம்ஸான், மஸாஹிரின் மருமகன். மகள் ஸாஜிதா பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறாள். வேறு பிள்ளைகள் மஸாஹிருக்கு இல்லை. அதனால் கடலில் இருக்கிறது போட்டு, போட்டில் இருக்கிறது அந்த வீட்டின் உயிர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த உயிர் ஊசலாடியது. கரையிலிருந்து வெகுதூரத்தில் காற்று எழும்ப, றிம்ஸான் போட்டைத் திருப்பினான். எஞ்சின் கத்தியது. காற்றாடி சிப்பி உருண்டையாகித் தண்ணீரைத் தள்ளாமல் சும்மா கலக்கியது. எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் இழுக்கும் துவாரத்தையும் சிப்பி அடைத்திருந்தது. எஞ்சின் சூடேறிப் புகைவிட்டு நின்றுபோனது. அலைக்குக் குறுக்கே போட்டு கிடந்து உருண்டது. அதே துறைக்காரரான மனுவேலின் போட்டு தற்செயலாக அந்தப் பக்கம் வந்து கயிறு போட்டு இழுத்திருக்காவிட்டால், இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

மஸாஹிர் என்ன செய்தார்? மருமகனைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவாட தகடு இல்லாட்டி என்னா நடந்திரிக்கும்! தகடுதான் மனுவேல அனுப்பியிரிக்கி" என்றார்.

மனுவேல் அங்கேதான் நின்றார். "இல்ல மஸாஹிர் காக்கா, நான் மீனுக்குப் போட ஐஸ் முடிஞ்சி திரும்பி வந்தன்" என்றார் பாவமாக. யார் கேட்டார்கள்!

"வாப்பா, அந்தக் காத்தாடியச் சுரண்டாம இனி அவர் கடலுக்குப் போக மாட்டாரு" என்றாள் ஸாஜிதா.

"சுரண்டினா தகடு பழுதாப் போகும் மகள். திங்கக்கிழம ஆத்துக்குக் கொண்டு போவம். நீயும் வா. வந்து கண்ணால பாரு."

"வாறன். கண்ணாலதான் பாக்கப் போறன்."

திங்கட்கிழமை போனார்கள். பாவா விஷயத்தைக் கேட்டார், கண்ணை மூடினார், திறந்தார். "வீட்டுக்குள்ள ஒரு ஆள் சந்தேகப்படுது" என்றார்.

"அது நான்தான்" என்றாள் ஸாஜிதா.

கூட்டம் வாயைப் பிளந்தது. மஸாஹிருக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. படிப்பித்தது தன் பிழை என்று பல்லைக் கடித்தார். நல்ல வேளையாக அப்போது தேத்தண்ணீர் வந்தது. அலியார் ஒரு மிடறு குடித்துவிட்டு நாக்கைத் தட்டினான்.

"மாஷா அல்லாஹ்! பாவாட எடத்துத் தேத்தண்ணிக்கி ஒரு தனி ருசி. நம்மட ஊட்டுல எவ்வளவு சீனி போட்டாலும் கரிக்கும்."

"பரக்கத். அல்லாஹ்ட அருள்" என்றார் மஸாஹிர்.

ஸாஜிதா குடிக்கவில்லை. வாளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சீடப்பிள்ளை ஒருவன் கரையில் குந்தி, கட்டிக் கிடந்த போட்டொன்றின் காற்றாடிக்குப் பக்கத்திலேயே வாளியை முக்கி, அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தான். அவள் எழுந்து போய் ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பு வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் கணக்கில் அவரைப் பிழை பிடிக்கும்போதும் இப்படித்தான் சிரிப்பாள்.

"பாவா, ஒரு கேள்வி" என்றாள் மரியாதையாக. "சில ஆக்கள் சொல்லுறாங்க, இது எல்லாம் இந்த எடத்துட பரக்கத்தாம். யாரு வந்து போட்டக் கட்டினாலும் சிப்பி உழுமாம். பாவா தேவையில்லயாம். உண்மையா?"

பாவா துள்ளி எழும்பினார். இடம்தான் காரணமென்றால் அறுக்குளா யாருக்கு வரும்? "எவன் சொன்னவன்! எடம் சும்மா மண்ணும் தண்ணியும். எல்லாம் என்ட ஓதல்! என்ட மூச்சு!"

"அப்ப எங்கட துறையில வந்து ஓதினாலும் சிப்பி உழும்தானே?"

பாவா வாயைத் திறந்தார். ஆனால் முந்திக்கொண்டது மஸாஹிர்தான். குருவின் மானத்தைக் காப்பாற்றுகிற அவசரம்!

"ஏன் உழாது? பாவாக்கு எந்தத் தண்ணியும் ஒண்டுதான்! வந்து ஓதுவாரு! எல்லாரும் பாருங்க! உழாட்டி நானே என்ட கையால காத்தாடியச் சுரண்டுறன்!"

கூட்டம் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்காத குறை. பாவாவின் முகத்தில் மருதாணி நிறம் மட்டும்தான் மிஞ்சியது.

ஸாஜிதா வைத்த சோதனையில் பூட்டும் இல்லை, சூத்திரமும் இல்லை. துறையில் நெடுநாளாய்த் தண்ணீருக்குள் கிடந்த நங்கூரச் சங்கிலியொன்றை எடுத்தார்கள். முழுக்கச் சிப்பி. அதை நடுவில் அறுத்தார்கள்.

"ஒரே சங்கிலி, ஒரே கண்ணூறு. சரிதானே?" என்றாள். சரிதான் என்றது சனம். "இந்தப் பாதிக்குப் பாவா ஓதட்டும். தகடு கட்டட்டும். இது நம்மட துறையில களப்புத் தண்ணியில கெடக்கட்டும். மத்தப் பாதிக்கு ஓதலும் இல்ல, ஊதலும் இல்ல. ஆத்துல, பாவாட கொட்டிலுக்கு இன்னும் மேல, மனுவேல் அங்கிள்ட சொந்தக்காரர் ஊட்டடியில கெடக்கட்டும். ரெண்டு ஜும்ஆ."

"அதுக்கு நான் என்ன செய்யிறது மகள்?" என்று கேட்டார் மனுவேல்.

"டெய்லி போய் அதப் பொறாமையாப் பாருங்க அங்கிள்."

மனுவேல் சொன்னதைச் செய்கிற மனிதர். தினமும் போய்ச் சங்கிலிக்கு முன்னால் குந்தி, "இப்பிடி ஒரு சங்கிலி எனக்கு இல்லாமப் போச்சே!" என்று பெருமூச்சு விட்டுவிட்டு வந்தார்.

பாவா வேனில் வந்து இறங்கினார். அரைச் சங்கிலிக்கு அவர் ஓதின ஓதலை முழு ஊருக்கு ஓதியிருந்தால் ஊர் சொர்க்கத்துக்குப் போயிருக்கும். தகடு, பச்சை நூல், சாம்பிராணிப் புகை, எல்லாம் முடிய மஸாஹிர் சங்கிலியைத் துறைப் பாலத்தில் கட்டித் தொங்கவிட்டு, கதிரை போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். மகள் ஏதாவது கள்ளம் செய்துவிடுவாள் என்பது அவருடைய பயம். தொழுகைக்கும் சோற்றுக்கும் மட்டும் எழும்புவார், அப்போது அலியாரை உட்கார வைப்பார். றிம்ஸான் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தான். சோதனை முடியும் வரை போட்டை அவிழ்க்க ஸாஜிதா விடவில்லை. அவிழ்க்கத் தனக்கும் மனம் வரவில்லை என்பதை மஸாஹிர் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை விடியல் சுப்ஹு தொழுதுவிட்டு மஸாஹிர் வழக்கத்தை விட வெள்ளென வந்தார். கதிரையில் அலியார் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பாலத்துக்குக் கீழே தண்ணீருக்குள் ஒருவன் நின்றான். ஒரு கையில் சங்கிலி, மறு கையில் கத்தி. கரக் கரக்கென்று சுரண்டுகிற சத்தம்.

"யாருடா அது!"

பாவாவின் சீடப்பிள்ளை. கத்தியைப் பின்னால் மறைத்தான். முதலில் "சலாம்" சொன்னான்.

"இரும்பு படப்படாது எண்டுதானே ஒங்கட பாவா சொன்னவரு?"

"பாவாதான் ஹாஜியார்... கொஞ்சம் தட்டி உடச் சொன்னாரு."

"அப்ப அங்க? ஆத்துல மட்டையால தடவுறது?"

"அங்க தட்டத் தேவையில்ல ஹாஜியார். அங்க தானா செத்திரும். இது சனியன், சாகுதில்ல."

மஸாஹிர் அப்படியே பாலத்தில் உட்கார்ந்துவிட்டார். கோபம் வரவில்லை முதலில். றிம்ஸான் அலைக்குக் குறுக்கே உருண்ட அந்த நேரம்தான் கண்ணுக்குள் வந்தது. ஆறு மாதம் சுரண்ட விடாமல் தடுத்தது யார்? பாவாவா? இல்லை. பாவா ஆற்றோரம் அறுக்குளா தின்றுகொண்டிருந்தார். தடுத்தது தான். ஒரே மகளை விதவையாக்கப் பார்த்துவிட்டு, காப்பாற்றினது தகடு என்று வேறு சொன்னோமே! பிறகுதான் கோபம் வந்தது. வந்த கோபத்தில் சீடப்பிள்ளையின் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, அலியாரை எழுப்பிவிட்டுக் கதிரையில் இருத்தினார். "ஜும்ஆ முடியும் வரைக்கும் இதால எழும்பினா காலை முறிச்சிருவன்" என்றார்.

ஜும்ஆ முடிந்ததும் துறையில் சனம் நெரிந்தது. பாவா வேனில் சிரித்துக்கொண்டே வந்தார். இறங்கி இரண்டடி வைத்ததும் கதிரையில் இருந்த சீடப்பிள்ளையைக் கண்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

மனுவேல் சாக்கை அவிழ்த்தார். ஆற்றில் கிடந்த சங்கிலி. நாற்றம் என்றால் நாற்றம்! முன் வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். சிப்பி அத்தனையும் வாய் பிளந்து செத்துக் கிடந்தது. ஸாஜிதா தேங்காய் மட்டையால் ஒரு இழுப்பு இழுத்தாள். பாவாவின் கொட்டிலில் உதிர்ந்த மாதிரியே பொலபொலவென்று உதிர்ந்தது. ஓதலில்லை, ஊதலில்லை, நாளுக்கு ஒரு பொறாமை மட்டும்தான்.

பிறகு பாவா ஓதின சங்கிலியை மஸாஹிரே இழுத்தார். கத்தி பட்ட ஒரு சாண் மட்டும் மொட்டை. மிச்சமெல்லாம் கல்லு மாதிரி இறுகின சிப்பி. களப்புத் தண்ணீர் நிரம்பின பேசினில் போட்டதும் கொஞ்ச நேரத்தில் மெல்லத் திறந்து, உள்ளேயிருந்து மெல்லிய மயிர்போன்ற விரல்களை நீட்டி அசைத்தன. ஒன்று செப்புத் தகட்டுக்குக் கட்டின பச்சை நூலின் மேலேயே குடியேறியிருந்தது.

"கை காட்டுதுங்க பாவா!" என்று யாரோ கத்தினார்கள்.

பாவா தொண்டையைச் செருமினார். "அது வந்து... அந்த ஆறு பரக்கத்தான ஆறு..."

"எடமா, ஓதலா எண்டு நான் கேட்டன்தானே?" என்றாள் ஸாஜிதா. "எடம் சும்மா மண்ணும் தண்ணியும் எண்டு சொன்னீங்க. அது மட்டும்தான் நீங்க சொன்னதுல உண்மை." சனத்தின் பக்கம் திரும்பினாள். "அது நல்ல தண்ணி. இது உப்புத் தண்ணி. உப்புல வாழுற உசிர ரெண்டு வாரம் நல்ல தண்ணியில கட்டி வச்சா செத்துப் போகும். அவ்வளவுதான். மட்டிய பைப்புத் தண்ணியில ஊறப்போட்டு மறந்துட்டா என்னா நடக்கும்? ஒங்கட ஊட்டுல கேளுங்க, சொல்லுவாங்க. திரும்பக் களப்புக்கு வந்தா புதுச் சிப்பி வந்து ஒட்டத்தானே செய்யும்? தகடப் பாத்துப் பயந்து ஓட அதுக்கென்ன எழுத்து வாசிக்கத் தெரியுமா?"

அலியார் தலையில் கை வைத்தான். "யா அல்லாஹ்! இத்தின மாசமா அந்தத் தண்ணியிலதானே தேத்தண்ணி குடிச்சம்! உப்பில்லாதது நாக்குக்குத் தெரிஞ்சிச்சே!" நாக்குக்குத் தெரிந்ததைத் தலைக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்ற மச்சானை அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாவா வேனுக்கு ஓடினார். ஏறினார், சாவியை முறுக்கினார். வேன் இருமியது, கிளம்பவில்லை. தள்ளிவிட ஒருவரும் வரவில்லை.

"ஒருக்கா ஓதிப் பாருங்க பாவா! கண்ணூறாயிரிக்கும்!"

கடைசியில் கதிரையிலிருந்து எழும்பவிடப்பட்ட சீடப்பிள்ளைதான் தள்ளினான். லொறியேறின காற்றாடிகளைப் பற்றி விசாரிக்க சங்கத்தார் நாலு பேர் பொலிசுக்குப் போனார்கள். முன்னால் போனவர் மஸாஹிர். பனரில் தன் படம் இருந்ததையும் அவரே சொன்னார்.

திரும்பி வந்து போட்டைக் கரையேற்றினார். வாக்குக் கொடுத்தபடி குனிந்து நின்று தன் கையாலேயே சுரண்டினார். மருமகன் உதவிக்கு வந்தபோது விடவில்லை. சிப்பி கிழித்துக் கையெல்லாம் இரத்தம். தண்ணீர் இழுக்கும் துவாரத்தைக் கம்பியால் குத்தித் துப்புரவாக்கினார். இரண்டு பூச்சுப் பெயின்ட். முதுகு ஒடிந்தது. அன்றிரவு அவருக்கு நிம்மதியாக நித்திரை வந்தது.

போட்டு இறங்கின காலையில் றிம்ஸான் எஞ்சினை முடுக்கினான். காற்றாடி தண்ணீரை அள்ளிப் பின்னால் வீச, போட்டு பாய்ந்து போனது. ஸாஜிதா பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மஸாஹிர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மகள், என்னய மன்னிச்சிரு" என்றார்.

"அவர் பின்னேரம் வந்திருவாரு வாப்பா. அது போதும்" என்றாள் அவள்.

அப்போது பார்த்து அலியார் மெல்லப் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"காக்கா, சிலாபத்துப் பக்கம் ஒரு பெரியவர் வந்திரிக்காராம். வலைக்கு மந்திரிச்சுக் குடுத்தா மீன் தானா வந்து ஏறுமாம். இவர் அந்தப் பாவாவப் போல இல்லயாம். உண்மையான ஆளாம். ஒருக்காப் போய்ப் பாப்பமா?"

மஸாஹிர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"போவம். ரெண்டு வலை கொண்டு போவம். ஒண்டுக்கு அவர் மந்திரிக்கட்டும், ஒண்டு சும்மா கெடக்கட்டும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாக்க அந்த மனுசன் சம்மதிச்சா உள்ளுக்குப் போவம். சம்மதிக்காட்டி வாசலாலேயே திரும்பி வருவம்" என்றார். "காத்தாடியில புடிச்ச சிப்பியச் சுரண்ட என்ட கை கிழிஞ்சி போச்சிடா தம்பி. ஒன்ட மூளையில புடிச்சதச் சுரண்ட ஒரு கேள்வி போதும், அதக் கேக்கிறதுக்கும் ஒனக்குச் சோம்பலா?"